இரண்டாவது கையெழுத்து

ரேகன்ஸ்பூர்க் அருகே, ஜெர்மனி
22.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பெர்சி எழுதுவது. நான் நலம். உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது? மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா?

முதல் மூன்று மாதம் வீட்டோடு போனில் பேசக்கூடாது, கடிதம் மட்டும்தான் என்று மாணவர் பரிமாற்றத் திட்ட அலுவலகத்தில் சொன்னபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. மொழி சீக்கிரம் வருவதற்காகவாம்.

பள்ளி எட்டு மணிக்கு. சீருடை கிடையாது. ஆசிரியர் உள்ளே வந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. முதல் நாள் நான் ஒருத்தி மட்டும் விறைப்பாக எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்று ராகம் போட்டுவிட்டேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. வகுப்பில் பேசாமல் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். நம் பள்ளியில் பேசினால் குறைப்பார்கள். குளிர் நடுக்கும்போதும் இடைவேளைக்கு இடைவேளை ஜன்னலைத் திறந்துவைக்கிறார்கள். சாயங்காலம் ரொட்டியும் சீஸும்தான், அடுப்பே பற்றவைப்பதில்லை. என்னைத் தன் வீட்டில் தங்கவைத்திருக்கும் மோனிகா அம்மையார் மிகவும் நல்லவர். அளவுக்கு மீறி நல்லவர். சும்மா இருக்கும்போதே கட்டிப்பிடித்துக்கொள்கிறார்.

மொழி வகுப்பில் "என் அம்மா இ-சேவை மையத்தில் வேலை செய்கிறார்" என்றேன். ஆசிரியை மெதுவாக, "செய்தார்" என்று திருத்தினார். "இல்லை, செய்கிறார்" என்றேன். தோளைத் தட்டி, "அவசரம் இல்லை" என்றார். எனக்கு இன்னும் காலங்கள் பிடிபடவில்லை போல.

அம்மாவுக்கு என் முகவரி போயிற்றா? நீங்கள் பழங்காநத்தத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போக வேண்டாம். ஸ்டீபன் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். நீங்கள் இருவரும் பிரிந்து நான்கு வருடம் ஆயிற்று என்பதற்காக ஒரு முகவரிகூடவா போகாது?

அன்பு மகள்,
பெர்சி

*

சேசு மரி சூசை துணை

வண்டியூர், மதுரை
6.10.2024

அன்பு மகள் பெர்சிக்கு அப்பா ஆரோக்கியநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான் சுகம். உன் சுகத்துக்காக தினமும் ஜெபமாலை சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். பள்ளி அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டினேன். நம் பள்ளி வரலாற்றிலேயே இத்திட்டத்தில் தேர்வான முதல் மாணவி நீ. தலைமை ஆசிரியையாக உள்ள சிஸ்டர் காலைக் கூட்டத்தில் உன் பெயரைச் சொன்னார். அந்த விண்ணப்பத்தை முத்து முத்தாக நான் என் கையாலேயே நிரப்பினேன் என்பது எனக்குப் பெருமை.

ஒரு விஷயம். அங்கே குடும்ப சமாச்சாரங்களை அதிகம் பேச வேண்டாம். வெளிநாட்டாருக்கு நம் வழக்கம் புரியாது. கேட்டால் தலையை மட்டும் ஆட்டு. படிப்பில் கவனம் வை.

மழை பிடித்துவிட்டது. தெப்பக்குளம் பக்கம் சாக்கடை வேலை நடப்பதால் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஆசிகளுடன்,
அப்பா

*

10.10.2024

அன்புள்ள அம்மா,

நீ நலமா? முழங்கால் வலி தேவலாமா? நான் வந்து ஆறு வாரம் ஆகப்போகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்பா முகவரி அனுப்பினாரோ இல்லையோ தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

எனக்கு இங்கே எரிச்சலாக இருக்கிறது. 'என் தாய்' என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஆசிரியை என் பக்கத்தில் குனிந்து, "உனக்கு வேண்டாம், நீ உன் ஊரைப் பற்றி எழுது" என்றார். ஏன்? எனக்கு எழுத வராதா? வீட்டுப்பாடம் கொண்டுபோகாவிட்டால் மற்றவர்களைத் திட்டுகிறார். என்னை மட்டும் "பரவாயில்லை" என்கிறார். கறுப்பாக இருக்கிறேன் என்றா, ஏழை நாடு என்றா?

ஒரே ஆறுதல், பக்கத்தில் உட்காரும் லேனா. அவளுடைய அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். யாரோடும் ஒட்டமாட்டாளாம். என்னோடு மட்டும் பேசுகிறாள். "உனக்குத்தான் புரியும்" என்கிறாள். என்ன புரியும் என்று எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

பதில் போடு அம்மா.

உன்
பெர்சி

*

பழங்காநத்தம்
24.10.2024

பெர்சிக்கு,

நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

முகவரி எனக்கு யாரும் அனுப்பவில்லை. உன் கடிதத்தின் பின்னால் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

யாராவது உன்னை மட்டம் தட்டினால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்காதே. கேட்டுவிடு. நான் கேட்காமல் இருந்தது போதும்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. இருக்கிறது, ஆனால் எழுதவில்லை. தலைக்கு எண்ணெய் வை.

தெரசா

*

1.11.2024

அப்பாவுக்கு,

உங்கள் சுகத்தை இன்று நான் கேட்கவில்லை.

இங்கே கல்லறைத் திருநாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே, சகல புனிதர்கள் திருநாள் அன்றே கல்லறைக்குப் போகிறார்கள். மத்தியானம் மோனிகாவோடு போனேன். அவருடைய அப்பா கல்லறையில் பூ வைத்தார். பிறகு என்னைப் பெரிய சிலுவையடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தூர தேசத்தில் அடக்கம் ஆனவர்களுக்காக அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம். சிவப்புக் கண்ணாடிக்குள் ஒன்றைக் கொளுத்தி என் கையில் கொடுத்தார். "உன் அம்மாவுக்கு" என்றார்.

நான் மண்டு. அம்மாவின் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டு அதை வைத்தேன்.

மோனிகா என் தோளில் கைபோட்டுக் கேட்டார்: "நோயா, விபத்தா?"

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

அப்பா, அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஊரிலிருந்து போன் வந்துவிட்டது, இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் சொல்லாமல் இங்கே கூட்டிவந்திருக்கிறார்கள் என்று. "எப்ப? எப்ப?" என்று தமிழிலேயே கத்தினேன். பக்கத்துக் கல்லறைகளில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மோனிகா பயந்துபோய், "மூன்று வருடம் என்று உன் அப்பாதானே எழுதியிருந்தார்" என்றார்.

வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தின் நகலைக் காட்டினார். தாயார் என்ற கட்டத்தில் ‘காலமானார், 2021’. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், முத்து முத்தாக. தாயின் கையெழுத்துக்கான இடத்தில் ஒரு கோடு.

மறுபடியும் மோனிகா கேட்டார், நோயா என்று. ஆமாம் என்றேன். உங்களைப் பொய்யர் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் நானும் அம்மாவைக் கொன்றேன். இந்த ஊரில் இரண்டு மாதமாக எனக்குக் கிடைத்த அன்பு முழுக்கத் துக்க விசாரிப்புதான். இனி லேனாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஏன் எழுதினீர்கள்? தலையை ஆட்டச் சொல்லாமல் பதில் சொல்லுங்கள்.

பெர்சி

*

சேசு மரி சூசை துணை

வண்டியூர், மதுரை
17.11.2024

அன்பு மகள் பெர்சிக்கு,

இவ்விடம் சுகம். உன் கடிதத்தில் இருந்த வேகம் ஒரு பெண்பிள்ளைக்கு அழகல்ல. ஆனாலும் பதில் எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் தாய் தந்தை இருவர் கையெழுத்தும் வேண்டும். உன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். மறுத்துவிட்டாள். கடைசி நாள் நெருங்கியது. விவாகரத்து ஆனவனும் அல்ல, நீதிமன்றத் தாளும் என்னிடம் இல்லை. பிரிந்து வாழ்கிறாள் என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும், அதே கேள்விகள் நம் பள்ளி அலுவலகத்திலும் சுற்றிவரும். இறந்தவளைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. உன் எதிர்காலத்தை நினைத்து ஒரு கட்டத்தை நிரப்பினேன். அவ்வளவுதான்.

இதை அங்கே யாரிடமும் சொல்லாதே. சொன்னால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் வேலைக்கும் ஆபத்து. ஜூலை வரை பொறு.

ஸ்வெட்டர் போடு.

அப்பா

*

28.11.2024

அம்மா,

நலமா என்று கேட்கவே வாய் கூசுகிறது. அப்பா உன்னைச் செத்தவள் என்று எழுதித்தான் என்னை அனுப்பியிருக்கிறார். அவர் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், படி.

போன ஞாயிறு பூசையில் உன் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று பங்குத் தந்தை உன் பெயரைச் சொல்லி மன்றாடினார். மோனிகா ஏற்பாடு. ‘தெரசா, இந்தியா’ என்றார். ஆமென் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நோய் என்று லேனாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் தன் அம்மாவின் மோதிரத்தைக் காட்டி அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், திருடி மாதிரி.

ஆனால் உன்னையும் கேட்கிறேன். நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்றது நிஜமா? உனக்கு நான் போவது அவ்வளவு பிடிக்கவில்லையா? ஒரு கையெழுத்து அம்மா. நீ போட்டிருந்தால் அவர் இதைச் செய்திருக்க மாட்டார்.

பெர்சி

*

பழங்காநத்தம்
12.12.2024

பெர்சிக்கு,

உயிரோடு இருக்கும் தெரசா எழுதுவது. நலம்.

எனக்குப் பூசை வேறு வைத்தார்களா? நல்லது. இங்கே உயிரோடு இருக்கிறவளுக்கு யாரும் வைக்கவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு மறந்துவிட்டதா? வாரிசுச் சான்றிதழுக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் தினம் பத்துப் பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு எழுத்துத் தப்பினால் திருப்பி அனுப்புவார்கள். ஒரு மனுஷியையே தப்பாக எழுதியதை உன் திட்டக்காரர்கள் அப்படியே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஜனவரியில் உன் அப்பா மையத்துக்கு வந்தார். டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று, என் மேசைக்கு வந்து தாளை நீட்டினார். "இங்கன ஒரு கையெழுத்துப் போடு."

"என்னாது இது?"

"பெர்சிக்கு. ஜெர்மனிக்குப் போறா. ஒரு வருசம்."

"எங்கிட்ட அவ சொல்லலையே."

"சொல்லுவா. நீ போடு மொத."

"அவ வந்து கேக்கட்டும். அவ வாயால ஒரு தடவ கேட்டா அந்த நிமிசமே போடுறேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இதற்குப் பெயர் மறுப்பா?

நான் காத்திருந்தேன். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை எத்தனை ஞாயிற்றுக்கிழமை? பூசை முடிந்து வருவாய், நான் வைத்த மீன்குழம்பைச் சாப்பிடுவாய், கெமிஸ்ட்ரி மிஸ்ஸைப் பற்றிப் பேசுவாய், பஸ் ஏறுவாய். இன்றைக்குக் கேட்பாள், அடுத்த வாரம் கேட்பாள் என்று இருந்தேன். கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று போல என்று நினைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் 25-ஆம் தேதி பெட்டியெல்லாம் கட்டிய பிறகு வந்து, "சனிக்கிழமை ஃப்ளைட் அம்மா" என்றாய். கையெழுத்து இல்லாமல் எப்படி என்று கேட்கக்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

அவர் எழுதியது ஒரு பொய். நீ எட்டு மாதம் என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டது என்ன? அவருக்கு முன்னாலேயே நீதான் என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாய்.

என்ன நோய் என்று சொன்னாய்? பெயராவது வைத்தாயா?

தெரசா

*

8.1.2025

அம்மா,

இனி போனில் பேசலாம் என்று வந்ததும் முதலில் உனக்குத்தான் அடித்தேன். "எழுதிக் கேளு" என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்பாவும் அடிக்கிறார். நான் எடுப்பதில்லை.

நீ எழுதியது உண்மை. "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வாயத் திறக்காத" என்று அப்பா சொன்னார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. நீ அழுவாய், அந்த அழுகையைப் பார்த்தால் போக முடியாது என்று பயந்தேன். உன்னைவிட எனக்கு ஜெர்மனி பெரிதாக இருந்தது. எழுதிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து மோனிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறையில் நின்றபடியே, "நான் யாருக்காக அழுதேன்?" என்று கேட்டார். மறுநாள் அவரே என்னைத் திட்ட அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். பொய்த் தகவல் என்பதால் திருப்பி அனுப்பலாமாம். பிப்ரவரி 15-க்குள் பழைய படிவத்தில் அப்பா தன் கையால் தவறை அடித்துத் திருத்தி, அதன் கீழே நீ கையெழுத்துப் போட்டால் மட்டும் ஜூலை வரை இருக்கலாம். படிவத்தை ஸ்டீபன் மாமாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

லேனாவிடமும் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்ன வார்த்தையை அகராதியில் பார்த்தேன். உனக்கு எழுத மாட்டேன்.

அம்மா, என் வாயால் கேட்கிறேன். நான் இங்கே இருந்து படித்து முடிக்க ஆசைப்படுகிறேன். கையெழுத்துப் போடுவாயா? போடாவிட்டாலும் நீ சொல்வது நியாயம்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

பெர்சி

*

பழங்காநத்தம்
21.1.2025

பெர்சிக்கு,

நலம். கேட்டுவிட்டாய். போட்டுவிட்டேன். எங்கே, எப்படி என்று தெரிந்துகொள்.

மையத்தில் உட்கார்ந்து ஒரு மனு அடித்தேன். ‘பொருள்: விண்ணப்பதாரர் உயிருடன் இருப்பதைப் பதிவில் திருத்தக் கோருதல்.’ ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், போன வாரம் எடுத்த போட்டோ, ஸ்டீபன் கொண்டுவந்து கொடுத்த உன் படிவம் எல்லாம் இணைத்தேன். நேற்று பதினொரு மணிக்கு உன் அப்பாவின் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். கல்விக் கட்டணம் கட்ட வந்தவர்கள் வரிசையில் நானும் நின்றேன். அவர் டோக்கன் எடுத்து என் முன்னால் நின்றாரே, அந்த மாதிரி.

என் முறை வந்ததும் மனுவை நீட்டினேன். "தலைமை எழுத்தர் சார், இதக் கொஞ்சம் பதிஞ்சு குடுங்க."

படித்ததும் முகம் செத்துவிட்டது. "தெரசா, வீட்டுல வச்சுப் பேசிக்கலாம்."

"எந்த வீட்டுல? செத்தவளுக்கு ஏதுங்க வீடு?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். நாலு வருசமா எம்புட்டுப் பேரு என்னையப் பாக்காத மாதிரிப் போனாக. இன்னைக்குப் பாக்கட்டும்."

அலுவலக உதவியாளர் சின்னத்தாய், "யாருக்கா நீங்க?" என்று கேட்டாள். "சாரோட சம்சாரம்மா. மூணு வருசத்துக்கு முன்னாடி செத்துட்டேன்" என்றேன். அந்தப் பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு சிஸ்டர் வெளியே வந்தார். மனுவை வாங்கி முழுதும் படித்தார். உன் அப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "எழுதுங்க சார்."

எழுதினார். படிவத்தில் ‘காலமானார்’ என்பதை அடித்து, ‘உயிருடன் இருக்கிறார்’ என்று மேலே எழுதி, தேதி போட்டார். அந்த முத்து எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அவர் பேனாவாலேயே கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கூரியரில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன்னையும்தான். போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஜூலையில் வா. உனக்கு வைத்திருப்பது நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த மோனிகா அம்மாவிடம் சொல், அவர் அழுத அழுகைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று. அதில் பொய் இல்லை.

தெரசா

*

சேசு மரி சூசை துணை

வண்டியூர், மதுரை
26.1.2025

அன்பு மகள் பெர்சிக்கு,

இவ்விடம் சுகம். அவ்விடம் பனி எப்படி?

குடியரசு தினத்துக்குக் கொடியேற்றினோம். ஒரு வாரமாக வலது கையில் கொஞ்சம் வலி. வருகைப் பதிவேடுகளை இப்போது வேறொருவர் எழுதுகிறார்.

உன் அம்மா அலுவலகத்துக்கு வந்திருந்தாள். நலமாக இருக்கிறாள்.

அப்பா

*

16.2.2025

அன்புள்ள அம்மா,

நீ நலம் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. நானும் நலம்.

படிவம் வந்து சேர்ந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து, ஜூலை வரை இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வகுப்பில் யாரும் என்னிடம் இரக்கப்படுவதில்லை. வீட்டுப்பாடம் கொண்டுபோகாததற்கு முதல்முறையாகத் திட்டு வாங்கினேன். கட்டுரைக்கு ஐந்து போட்டார்கள். இங்கே ஐந்து என்றால் ஃபெயில் மாதிரி. மோனிகா சிரிக்கிறார், ஆனால் கட்டிப்பிடிப்பதில்லை. நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு நான் இன்னும் எழுதவில்லை. நான்கு வரியில் ஒரு கடிதம் போட்டிருந்தார். ‘நலமாக இருக்கிறாள்’ என்ற இடத்தில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது. அதைப் பார்த்தும் என் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை பஸ்ஸில் உன் கடிதத்தை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து லேனாவின் குரல் கேட்டது. ஐந்து வாரத்தில் முதல் பேச்சு.

"அது உன் அம்மா எழுதியதா?"

"ஆமாம்."

"கோபமாக இருக்கிறாரா?"

"ரொம்ப."

எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாசி" என்றாள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், தப்பும் தவறுமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தேன். நீ என்னைத் திட்டிய இடங்களை விட்டுவிடப் பார்த்தேன். கண்டுபிடித்து, "அதையும்" என்றாள். ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். ‘உனக்கு வைத்திருப்பது நிறைய இருக்கிறது’ என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அவள் இறங்குமிடம் வந்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். மறுநாளும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

அம்மா, கோபம் தீரும்வரை எழுது. நீளமாக எழுது.

உன் மகள்,
பெர்சி